இன்னைக்கு யார் பாடு? பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கும் முறை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "சென்னைக்குப் பக்கத்துல நண்பர்களோட ஒரு நாள் மீன் பிடிக்கப் போகலாம்னா எங்க போகலாம், அங்க என்ன ரூல்ஸ்?"

ரூல்ஸ்னு சொன்னதும் எனக்கு ஞாபகம் வர்றது கனடாவின் ஃப்ரேசர் ஆறு. அங்கே நண்பர்கள் கூட்டமாகப் படகில் போய், ஆளை விட நீளமான ஸ்டர்ஜன் மீனைத் தூண்டிலில் பிடிப்பாங்க. அளப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, திரும்ப ஆற்றிலேயே விட்டுடுவாங்க. 1994லிருந்து அந்த மீனை வீட்டுக்கு எடுத்துப் போகத் தடை. அதாவது, அங்கே விதி மீனைப் பற்றியது. பழவேற்காட்டில் பழைய விதி வேற மாதிரி. அது நாளைப் பற்றியது: இன்னைக்கு இந்த இடத்தில் வலை கட்டுறது யார்?

அந்த விதிக்குப் பேர் பாடு.

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்கலாம்

பொன்னேரி வழியா போனா சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கு, தெற்கு முனை நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டு வரும். முகத்துவாரம் வழியா கடல் தண்ணீர் உள்ளே வரும். இரண்டும் கலக்கிறதாலதான் மடவை, கொடுவா, நண்டு, இறால் எல்லாம் இங்கே கிடைக்குது.

இதில் இறாலோட வாழ்க்கை சுவாரசியமானது. முட்டை பொரிவது கடலில். குஞ்சுகள் நீரேற்றத்தோடு முகத்துவாரம் வழியா ஏரிக்குள் வரும். சில மாதம் இங்கே மேய்ந்து வளரும். வளர்ந்த பிறகு, தண்ணீர் வடியும் நேரத்தில், பெரும்பாலும் இரவில், கடலுக்குத் திரும்பும். ஸ்டர்ஜன்ல சில வகைகளும் ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே இப்படி வந்து போறவைதான்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. வளர்ந்த இறால் எல்லாம் முகத்துவாரத்தை நோக்கித்தான் போகணும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கழி நட்டு வலை கட்டினா, தண்ணீரே இறாலைக் கொண்டு வந்து சேர்க்கும். இங்கே அந்த வலையை சுத்துவலைன்னு சொல்றாங்க. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகமா இருக்கும், பிடிப்பும் நல்லா இருக்கும். ஆனா அப்படிப்பட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே இரவில் வந்தா? சண்டைதான்.

பாடு எப்படி வேலை செய்யுது

நம்ம துறை ஆட்களுக்கு இது ரொம்பப் பழக்கமான பிரச்சினை. ஒரே ப்ராசஸர், காத்திருக்கும் வேலைகள் நிறைய. என்ன செய்வோம்? ரவுண்ட் ராபின். ஆளுக்கு ஒரு முறை, வரிசையா.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூக மீனவர்கள் இதைத்தான் செய்தாங்க. பாடு என்றால் வலை கட்டும் இடம். அந்த இடத்துக்கான முறையையும் அதே சொல் குறிக்கும். ஊர்களுக்குள் நாள் பிரியும். ஊருக்குள் சீட்டுக் குலுக்கி வரிசை முடிவாகும். இன்னைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம். பணம் இருக்கிறவர், பெரிய படகு இருக்கிறவர் என்பதற்காக வரிசை மாறாது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுடெல் வலைக்கு இதே போல மீனவர் சங்கங்கள் முறை வைத்துப் பிடிக்கிறாங்க.

கேட்க அழகா இருக்கு இல்லையா? ஆனா எந்த ஷெட்யூலருக்கும் இரண்டு கேள்வி கேட்கணும்.

கேள்வி ஒன்று: பட்டியலில் யார் இருக்காங்க?

வரிசை நியாயமானது, பட்டியலுக்குள் இருக்கிறவங்களுக்கு. உரிமை சமூகத்தின் வழியா, ஆண் குடும்பத் தலைவர்கள் பேரில் வரும். ஏரிக்கரையில் வாழும் இருளர்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. அவங்க, குறிப்பா பெண்கள், ஆழமில்லாத தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பாங்க. பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறியை வாயில் கடித்துக்கொண்டே நகர்வாங்க. அதே ஏரி, அதே இறால்தான்.

பட்டியலுக்குள்ளேயும் நெருக்கடி உண்டு. ஒரு கணக்குக்குச் சொல்றேன்: 10 இடம், 60 பேர் என்றால் 6 நாளுக்கு ஒரு முறை பாடு வரும். பிள்ளைகள் தலையெடுத்துப் பட்டியல் 120 ஆனா 12 நாள் காத்திருக்கணும். யாரும் ஏமாற்றலை, ஆனா அடுப்பு எரியும் நாள் பாதியாகிடுது.

கேள்வி இரண்டு: பங்கு போட ஏதாவது இருக்கா?

நம்ம கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அது முகத்துவாரத்தில் படிந்து வழியை அடைக்கும். அடைபட்டா குஞ்சு உள்ளே வராது, வளர்ந்தது வெளியே போகாது. கோடையில் ஏரியின் உப்பு ஏறும், ஆழம் குறையும். கியூ காலியா இருந்தா எவ்வளவு நல்ல ஷெட்யூலரும் ஒன்றும் செய்ய முடியாது. மீனவர்கள் பல ஆண்டுகளாக் கேட்ட பிறகு, சுமார் 27 கோடி ரூபாயில் தூர்வாரி, நேர்கல் சுவர் கட்டி முகத்துவாரத்தை நிலைப்படுத்தும் திட்டத்தை மாநில அரசு எடுத்தது.

பாடு சண்டையைத் தீர்க்கும். பற்றாக்குறையைத் தீர்க்காது. எனக்கு இந்த ஏரி சொல்லிக்கொடுத்தது இதுதான்.

சரி, நண்பர்களோட போகலாமா?

போகலாம். கரையிலிருந்து தூண்டில் போடுங்க. படகில் ஏறாதீங்க: 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க, அதன் பிறகு படகு சவாரிக்குத் தடை வந்தது. கழி நட்டிருக்கும் இடத்தின் பக்கம் தூண்டில் வீசாதீங்க. அது ஒருத்தர் பல நாள் காத்திருந்து வாங்கின இரவு. தூண்டிலைப் பிரிக்கும் முன்னாடி கரையில் இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்க: "அண்ணா, இன்னைக்கு யார் பாடு?"