சூது அதிகாரமும் சூதாட்ட விடுதியின் கணக்கும்

பொருட்பாலில் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே 94ஆம் அதிகாரமாக அமைந்துள்ளது சூது. சூதாடுவோர் இழப்பர் என்பது அறநூல்களின் பொதுக்கருத்து. இவ்வதிகாரமோ வெற்றியிலிருந்து தொடங்குகிறது. வெல்லும் ஆற்றல் இருப்பினும் சூதை விரும்பற்க என்னும் 931ஆம் குறள், வென்ற பொருளை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிடுகிறது. அதில் வரும் ‘பொன்’ என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் இரும்பு என்றே பொருள் கொள்கிறார்.

அடுத்த குறள் ஒன்றைப் பெற்று நூற்றை இழப்போரைப் பற்றியது. இதனை மிகைக்கூற்றாகக் கொள்ளத் தோன்றும். சூதாட்ட விடுதிகளில் ஆடப்பெறும் ரூலெட் ஆட்டத்தின் கணக்கு இங்குத் துணைசெய்கிறது. ஐரோப்பியச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள் உள்ளன. ஓர் எண்ணின்மீது 1 ரூபாய் வைத்து வென்றவர்க்கு அந்த ரூபாயுடன் மேலும் 35 ரூபாய் கிடைக்கும். எல்லா எண்களின்மீதும் ஒவ்வொரு ரூபாய் வைப்பவர் 37 கொடுத்து 36 பெறுவார். விடுதியின் ஆதாயம் ஏறத்தாழ 2.7 விழுக்காடு, 00 சேர்ந்த அமெரிக்கச் சக்கரத்தில் 5.26. ஒரு சுற்றில் இவ்விழப்பு உணரப்படுவதில்லை. வென்றதையே மீண்டும் மீண்டும் பந்தயமாக வைக்கும்போது பெருகிவிடுகிறது. 933ஆம் குறளின் ‘ஓவாது’ என்னும் சொல் இவ்விடத்தில் கருதத்தக்கது. இடைவிடாது ஆடினால் பொருளும் வருவாயும் பிறர்பால் சென்று சேரும் என்கிறது அக்குறள். எனவே நூறு என்பதை ஓர் ஆட்டத்தின் விகிதமாகக் கொள்ளாமல், விடாது ஆடியதன் தொகையாகக் கொள்வதே பொருந்தும்.

ஒரு வேறுபாடும் உண்டு. இவ்வதிகாரத்தில் கழகம் என்பது சூதாடும் இடம். அதனை நடத்துவோர் பற்றிப் பத்துக் குறள்களிலும் குறிப்பில்லை, ஆடுபவனே பேசப்படுகிறான். இன்றைய விடுதியில் உறுதியான ஆதாயம் நடத்துவோர்க்கே உரியது.

இழக்குந்தோறும் சூதின்மேல் விருப்பம் மிகும் என்பது 940ஆம் குறள். 1913 ஆகஸ்ட் 18 அன்று மாண்டி கார்லோ விடுதியில் ரூலெட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. இனிச் சிவப்பே வரும் என நம்பியவர்கள் பந்தயத்தை உயர்த்திப் பெருந்தொகை இழந்தனர். முந்தைய சுழற்சிகள் அடுத்ததைப் பாதிப்பதில்லை என்பதை மறந்த பிழைக்கணக்கு அது. ஆனால் வள்ளுவர் அங்குக் குறிப்பது கணக்குப் பிழையை அன்று, காதலை. துன்புறுந்தோறும் உடல்மீது உயிர் கொள்ளும் பற்றுக்கே அவர் சூதை உவமையாக்குகிறார். எத்தனையாவது முயற்சியில் பரிசு கிட்டும் என்பது அறியப்படாதபோது அச்செயல் எளிதில் ஓய்வதில்லை எனக் காட்டிய உளவியலாளர் ஸ்கின்னரின் விளக்கம், மேற்கண்ட பிழைக்கணக்கைவிட இவ்வுவமைக்கு நெருக்கமானது.