குடகனாற்று மணல்

சிறுவயதில் எங்களுக்குப் பூங்கா என்றால் குடகனாறுதான். திண்டுக்கல்லிலிருந்து வடக்கே தாடிக்கொம்பு வரை போக வேண்டும். ஆடிப்பெருக்கன்று பெரியம்மா புளிச்சோறு கட்டுவார். சௌந்தரராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு ஆற்றில் இறங்கினால் கணுக்கால் புதையும். முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று. கலங்கல் தெளியும்வரை காத்திருந்து அள்ளிக் குடிப்போம். எல்லாச் சாதியாரும் அந்த ஒரே ஊற்றில் குடிக்கவில்லை என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இன்று மணல் போய், கட்டாந்தரை தெரிகிறது. சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கிறது. மேலே ஆத்தூரில் 23.5 அடி காமராஜர் அணை. அந்த நீர்தான் நகரத்தின் குழாய்களுக்கு வருகிறது. ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு என்று கிராமங்கள் வழக்காடுகின்றன. நகரைச் சுற்றிய, தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு பல கிணறுகளைக் கெடுத்தது. குடங்களோடு அலைந்த வீடுகளுக்குக் குழாய் வந்தது சிறிய வரவல்ல. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

இப்போது நகரில் வேலியிட்ட பூங்காக்கள் உண்டு. பெரியம்மாவுக்கு ஆற்று மணல் ஆண்டுக்கு இரண்டு நாள்: ஆடிப்பெருக்கு, அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரா பௌர்ணமி. மற்ற நாளெல்லாம் அடுப்படி. அவர் மகள் தினமும் மாலையில் விளக்கு வெளிச்சத்தில் தனியாக நடக்கிறாள், பேத்தி ஊஞ்சலாடுகிறாள். ஆனால் அந்தக் குழந்தை ஓடும் தண்ணீரில் கால் நனைத்ததில்லை.

இரண்டும் சேர்ந்து கிடைக்காதா என்று கேட்டால், சென்னையை நினைக்கிறேன். அடையாறு உப்பங்கழியில் கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைத் தோண்டித் துப்புரவாக்கி, நீர் தேங்க வழிசெய்து, மண்ணுக்குரிய மரங்களை நட்டு, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். பறவைகள் திரும்பின. குடகனாற்றங்கரைக்கு அவ்வளவு செலவுகூட ஆகாது என்றே நம்புகிறேன். கருவேலத்தை வேரோடு எடுத்து, மருதும் புங்கும் வைத்து, ஒரு படித்துறை கட்டினால் போதும். ஆற்றுக்குரிய பங்கு நீரை மட்டும் விட வேண்டும்.

நல்ல மழை பெய்த ஓர் ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. பாலத்தின்மேல் வண்டிகளை நிறுத்திவிட்டுக் குடும்பம் குடும்பமாக எட்டிப் பார்த்தார்கள். ஒரு சிறுமி கீழே போகலாம் என்று அப்பாவின் கையை இழுத்தாள். முள்ளுக்கு நடுவே இறங்க வழி தேடி, அவர் கரையோரமாகச் சற்றுத் தூரம் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.