டீசல் வேனின் புகைக் கட்டுப்பாடும் உரிமையாளரின் பொறுப்பும்

தலைநகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வேன் ஓட்டிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகள், அலுவலக ஊழியர்கள், ஹரித்வார் யாத்திரிகர்கள் என்று அவர்கள் வண்டி ஓயாமல் ஓடுகிறது. வாகன விபத்துச் சேதங்களை மதிப்பிடும் சர்வேயராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சில ஆண்டுகளாக இவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “சார், சைலன்ஸர் பக்கம் இருக்கிற அந்த ஃபில்டரை எடுத்துட்டா மைலேஜ் கூடும்கிறான் மெக்கானிக். பியூசி பாஸ் ஆயிடும்னும் சொல்றான். எடுத்துடலாமா?”

இதற்குச் சட்டம் சொல்லும் பதில் ஒன்று; காப்பீடு சொல்லும் பதில் இன்னொன்று. இரண்டையும் தனித்தனியே பார்த்துவிட்டுப் பிறகு சேர்த்து எடை போடுவதே முறை.

கருவிகள் செய்யும் வேலை

டீசல் புகையில் முக்கியமான நச்சுகள் இரண்டு: கரித்துகள், நைட்ரஜன் ஆக்ஸைடுகள். என்ஜினுக்குள் எரிப்பு வெப்பம் கூடினால் துகள் குறையும், நைட்ரஜன் ஆக்ஸைடு கூடும். ஒன்றை அமுக்கினால் மற்றது தலைதூக்கும். 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் இரண்டையுமே கடுமையாகக் கட்டுப்படுத்தின. ஆகவே புதிய வண்டிகளில் பல கருவிகள் கூட்டாக வேலை செய்கின்றன.

ஈ.ஜி.ஆர். வால்வு, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் அனுப்பி வெப்பத்தைத் தணிக்கிறது. டி.பி.எஃப். என்பது தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி. துகளைப் பிடித்துவைத்து, ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸில் எரித்துவிடுகிறது. எஸ்.சி.ஆர். பொருத்திய வண்டிகளில் 32.5 சதவீத யூரியாக் கரைசல் புகைக்குழாயில் தெளிக்கப்பட்டு, நைட்ரஜன் ஆக்ஸைடு வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறுகிறது.

சிக்கல் எங்கே வருகிறது? வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வண்டி சிறிது நேரமாவது தடையின்றி, சீரான வேகத்தில் ஓட வேண்டும். தெருவுக்குத் தெரு நின்று பிள்ளைகளை ஏற்றும் வேனுக்கு அந்த வாய்ப்பு ஏது? அடைப்பு சேர்கிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, கடைசியில் வண்டி இழுக்க மறுக்கிறது. புது வடிகட்டியின் விலையைக் கேட்டு உரிமையாளர் மலைத்து நிற்கும்போதுதான் மெக்கானிக் யோசனை சொல்கிறார்.

உறையை வெட்டித் தேன்கூட்டை உடைத்தெடுத்து மறுபடி வெல்டிங் வைத்துவிடுவார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஈ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைப்பார்கள். என்ஜினின் கணினி கேள்வி கேட்காதபடி மென்பொருளை மாற்றி எழுதுவார்கள். யூரியா தெளிக்கப்படுவதாகப் பொய் சொல்ல ஒரு சின்ன மின்னணுப் பெட்டியும் உண்டு. 2015இல் உலகமெங்கும் அம்பலமான ஃபோக்ஸ்வாகன் விவகாரமும் மென்பொருள் சொன்ன பொய்தான். அதற்காக நமது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் அந்நிறுவனத்துக்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; பின்னர் உச்ச நீதிமன்றம் கட்டாய நடவடிக்கையை நிறுத்திவைத்தது.

பியூசி பாஸ் ஆகும் என்கிறாரே? அதில் பாதி உண்மை இருக்கிறது. டீசல் வண்டிக்கான வழக்கமான பியூசி சோதனையில், ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது வரும் புகையின் அடர்த்தியை மட்டும் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்ஸைடு அதில் சிக்காது. பியூசி சான்று அன்றைய புகைக்குக் கிடைத்த மதிப்பெண். வண்டி சட்டப்படி இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட மூல விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று கேரள வழக்கொன்றில் (ஆர்.டி.ஓ. எதிர் ஜெயச்சந்திரா) உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. “ஃபில்டரைப் பற்றி ஆர்.சி.யில் ஒரு வரிகூட இல்லையே” என்று வாதாடுபவர்கள் உண்டு. ஆனால் புதிய ஆர்.சி.க்களில் வண்டியின் உமிழ்வுத் தரம் குறிக்கப்படுகிறது. தவிர, மற்றப் பிரிவுகளும் காத்திருக்கின்றன.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வகுத்தது. காற்று மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டுபவருக்கும், ஓட்ட அனுமதிப்பவருக்கும், 190(2) பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாத லைசென்ஸ் தகுதியிழப்பு என்றும் அதே திருத்தம் உயர்த்தியது. ‘அனுமதிப்பவர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருக்கும் முதலாளி நழுவ முடியாது. விதிக்கு ஒவ்வாத வண்டியின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க 53ஆம் பிரிவு பதிவு அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. வாடகை வண்டிக்காரருக்கு அபராதத்தைவிட இதுவே பெரிய அடி. வண்டி நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுபோகும்.

காப்பீடு சொல்வது

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகள் நிலவுகின்றன. “பாலிசி இருக்கு, எல்லாம் கிடைச்சுடும்” என்பது ஒன்று. “ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் ஒரு பைசா வராது” என்பது மற்றொன்று. உண்மை நடுவில் இருக்கிறது.

மூன்றாம் நபருக்கான இழப்பீட்டில், காப்பீட்டு நிறுவனம் எந்தக் காரணங்களைச் சொல்லிப் பொறுப்பை மறுக்கலாம் என்று 150ஆம் பிரிவு பட்டியல் போட்டுள்ளது. புகைக் கருவியை அகற்றியது அப்பட்டியலில் நேரடியாக இல்லை. ஆனால் முக்கியமான உண்மையை மறைத்துப் பாலிசி வாங்கியது அதில் இருக்கிறது. தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில், “பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்” என்று உத்தரவிடுவதுண்டு. அப்படி ஆனால் லட்சக்கணக்கான தொகை நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்.

சொந்த வண்டியின் சேதத்தில், பாலிசியின் சாதாரண நிபந்தனைகளே போதும். இயந்திர, மின் கோளாறு விலக்கப்பட்டது; வண்டியை நல்ல நிலையில் பராமரிப்பது உரிமையாளர் கடமை. மென்பொருளை மாற்றியதால் என்ஜின் பழுதானால் கேட்பதற்கே இடமில்லை. உற்பத்தியாளர் வாரண்டியும் கைவிட்டுப் போகும்.

ஆனால், மீறலுக்கும் சேதத்துக்கும் தொடர்பு உண்டா என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன. வண்டி திருட்டுப் போன நிதின் கண்டேல்வால் வழக்கில் (2008), பயன்பாட்டு நிபந்தனை மீறப்பட்டிருந்தும், திருட்டுக்கு அது பொருட்டல்ல என்று உச்ச நீதிமன்றம் கூறி, 75 சதவீதம் வழங்கும் உத்தரவை உறுதி செய்தது. அதுபோலவே, பியூசி இல்லை என்பதற்காக மட்டும் கிளெய்மை மறுக்க முடியாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஆகஸ்டில் விளக்கம் அளித்தது.

எனவே ஆபத்து எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. வண்டி திருடு போனாலோ, நின்றிருந்த வண்டியை வேறொருவர் இடித்தாலோ, தொடர்பு பலவீனமானது. ஒட்டுப்போட்ட வயரிங்கிலிருந்து தீப்பிடித்தால் தொடர்பு நேரடியானது. தீ எங்கே தொடங்கியது என்பதைத்தான் எந்தச் சர்வேயரும் முதலில் தேடுவார். இழுவையைக் கூட்டி எழுதிய வண்டி வேகத்தில் மோதினால், எதிர்த்தரப்பு வக்கீல் அதை விடமாட்டார். மாற்றத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் தப்பிக்கலாமே என்று கேட்கலாம். சட்டம் அனுமதித்த மாற்றத்தைத்தான் பாலிசியில் பதிந்துகொள்ள முடியும். சட்டவிரோத மாற்றத்தை அறிவிப்பது நமக்கு எதிராக நாமே எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம்.

செய்யத்தக்கவை

விளக்கு எரிந்தவுடன் அதிகாரபூர்வப் பணிமனையில் கட்டாயச் சுத்திகரிப்பு செய்துகொண்டால் பெரும்பாலும் வடிகட்டி பிழைக்கும். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட்டுங்கள். டி.பி.எஃப்.புக்கென்று குறிப்பிட்ட, சாம்பல் குறைந்த என்ஜின் ஆயிலையே ஊற்றுங்கள். யூரியாக் கரைசலை நம்பகமான இடத்தில் மட்டும் வாங்குங்கள். கலப்படக் கரைசலால் வரும் செலவு, அதில் மிச்சமான காசை விழுங்கிவிடும். வடிகட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்றால், எழுத்துமூலம் விலை கேட்டு, வாரண்டி உண்டா என்று முதலில் பாருங்கள். பழைய வண்டி வாங்குவோர் புகைக்குழாயின் உறையில் புது வெல்டிங் தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது நல்லது. முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்துக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு பக்கம் மாதாமாதம் மிச்சமாகும் கொஞ்சம் டீசல் காசு. மறுபக்கம் பதிவு நிறுத்தம், வாரண்டி இழப்பு, என்றோ ஒருநாள் வரக்கூடிய வசூல் வழக்கு. இவை போக, அந்த வேன் கக்குவதைத் தினமும் முதலில் சுவாசிப்பவர்கள் அதில் ஏறி இறங்கும் நம் பிள்ளைகள். ஆகவே கேட்கும் அன்பர்களுக்கெல்லாம் நான் சொல்லும் பதில் இதுதான்: சுத்தம் செய்யுங்கள், தேவைப்பட்டால் மாற்றுங்கள், வெட்டி எடுக்காதீர்கள்.