இரண்டு கேபிள், ஒரே கம்பம்

பின்னல் நகரத்தின் வலை – 7

திருப்பூர் வீரபாண்டி பிரிவில் நின்று பல்லடம் ரோட்டு மின்கம்பங்களை அண்ணாந்து பாருங்கள். ஈபி கம்பிகளுக்குக் கீழே கறுப்புக் கேபிள்கள் கொத்தாகத் தொங்கும். இந்த வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளின் பையர் மெயிலும் இ-வே பில்லும் ஷிப்பிங் பில்லும் அவற்றுக்குள்தான் ஓடுகின்றன. 2023 ஆகஸ்ட் முதல், ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு இ-இன்வாய்ஸும் கட்டாயம். தைத்து, அயர்ன் போட்டு, பெட்டியில் அடைத்த சரக்கும் நெட் இல்லையென்றால் கேட்டைத் தாண்டாது.

ஒரே லைனை நம்பியிருப்பவர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். இரண்டு லைன் போட்டும் மாட்டிக்கொண்டவர்கள் இந்த வாரம்.

எனக்குப் பழக்கமான ஏற்றுமதியாளர் ஒருவர் ஒருநாள் சாயங்காலம் போன் செய்தார். “ரெண்டு கம்பெனிக்கும் மாசாமாசம் பணம் கட்டறேனுங்ணா. ரெண்டும் ஒண்ணா எப்படிங்ணா போகும்?” தூத்துக்குடி போகவேண்டிய லாரி லோடோடு நின்றிருந்தது. அவசரத்துக்குச் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் பில் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் அவர் கேட்டிலிருந்து கேபிளைத் தொடர்ந்து நடந்து பார்த்தோம். இரண்டும் மூன்றாவது கம்பத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே கட்டாகப் போயின. உயரமாக லோடு ஏற்றிய வண்டி ஒன்று அந்தக் கட்டை அப்படியே இழுத்துக்கொண்டு போயிருந்தது. அவரிடம் இருந்தது இரண்டு பில், பாதை ஒன்றுதான்.

கடலடியிலும் இது நடந்திருக்கிறது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கேபிள்கள் அறுந்தன. உரிமையாளர்கள் வேறு வேறு. ஆனால் ஐரோப்பாவுக்குப் போகிறவை அந்தக் குறுகிய இடத்தில் நெருங்கித்தான் கிடக்கின்றன. இந்தியாவின் வெளிநாட்டு இணையத் திறனில் ஏறக்குறைய பாதி போய்விட்டதாக அப்போது கணக்கிட்டார்கள். கைகொடுத்தது எதிர்த்திசைதான். சிங்கப்பூர் பக்கமாகக் கிழக்கே செல்லும் கேபிள்களுக்குப் போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்கள். 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே மறுபடியும் இரண்டு கேபிள்கள் சேர்ந்து பழுதாயின.

அதனால் லைன் விற்க வருபவரிடம் வேகத்தையும் விலையையும் அப்புறம் கேளுங்கள். ‘எந்த ரோடு வழியாக வருகிறது, எந்த இடத்தில் போய்ச் சேருகிறது?’ என்பதே முதல் கேள்வி. பதில் சொல்லத் தயங்கினால் கூடவே நடந்து பார்த்துவிடுங்கள். ஒன்று கம்பத்தில் வந்தால் மற்றொன்று மண்ணுக்கடியில், வேறு ரோட்டில் வரட்டும். மண்ணுக்கடியில் போட்டால் பத்திரம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். தோண்டும் வேலைகளால் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் ஃபைபர் வெட்டுகள் நடப்பதாக 2023-இல் மத்திய அரசே சொன்னது. சிறிய யூனிட்டுக்கு இரண்டாவது லைனாக சிம் போடும் ஒரு ரௌட்டரே போதும். அதற்கு மின்கம்பமும் வேண்டாம், குழியும் வேண்டாம்.

அடுத்தது கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் கம்பெனிக்குள் ஜெனரேட்டர் ஓடும். மோடத்தில் விளக்கு எரியும். நெட் மட்டும் இருக்காது. தெருமுனைப் பெட்டியில் இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும். அந்தப் பெட்டிக்கு எத்தனை மணிநேர பேக்கப் என்று எழுத்தில் வாங்குங்கள்.

ரௌட்டர் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டு லைனைச் செருகினால் ஒன்று போனதும் மற்றொன்றுக்குத் தானாக மாறும் என்பது உண்மைதான். ஆனால் அது எதை வைத்து முடிவு செய்கிறது? பக்கத்து மோடம் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும்படி விட்டிருந்தால், பத்துக் கிலோமீட்டர் தள்ளி அறுந்தது அதற்குத் தெரியவே தெரியாது. வெளியே, இணையத்தில் இருக்கும் இரண்டு மூன்று முகவரிகளைச் சில நொடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். லைன் மாறும்போது ஐபி முகவரியும் மாறும். பாதி ஏறிய ஃபைல் நின்றுபோகலாம். வெளியூரிலிருந்து ஆபீஸ் சர்வருக்குள் வந்து வேலை செய்கிறவருக்கும் இணைப்பு துண்டிக்கப்படும்.

முகவரி மாறாமல் பாதை மட்டும் மாற வேண்டுமென்றால் பிஜிபி என்ற நெறிமுறை வேண்டும். 1989-இல் இரண்டு பொறியாளர்கள் சாப்பாட்டு மேசையில் நாப்கின் காகிதங்களில் வரைந்த திட்டம் அது. இன்றும் உலக இணையம் அதில்தான் வழி கண்டுபிடிக்கிறது. அதற்குத் தேவையான, உங்கள் வலையமைப்புக்கென்று சொந்த எண்ணும், குறைந்தது 256 முகவரிகள் கொண்ட தொகுப்பும் இந்தியாவில் ஐ.ஆர்.ஐ.என்.என். பதிவகத்தில் வாங்கலாம். சொந்தமாக சர்வர் நடத்தும் பெரிய குழுமங்களுக்கு அது சரி. நாற்பது மெஷின் ஓட்டுகிறவருக்கு வேண்டாத செலவு என்பேன்.

அவர் செய்ய வேண்டியது வேறு. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போட்டு முடிந்ததும், முதல் லைனின் வயரைக் கையால் பிடுங்குங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். மெயில் போகிறதா, பில் தளம் திறக்கிறதா, எத்தனை நொடி ஆயிற்று என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு முதல் லைனைச் செருகிவிட்டு இரண்டாவதைப் பிடுங்குங்கள். நான் சொன்ன ஏற்றுமதியாளர் இப்போது மாதம் ஒருமுறை இதைச் செய்கிறார். முதல் தடவை அவருடைய இரண்டாவது லைன் வேலையே செய்யவில்லை. எப்போது நின்றது என்று அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

(தொடரும்)