கருங்கலில் அறுபடும் அழைப்பு கணக்கில் வருமா?

குமரி மாவட்டத்துக் கருங்கல் சந்தையில் பேச்சு பாதியில் அறுபட்டாலும், மொபைல் நிறுவனத்தின் அறிக்கையில் ‘தரம் சரி’ என்றே இருக்கலாம். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டம் முழுவதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், ஒழுங்காக ஓடும் நூறு கோபுரங்களுக்குள் மோசமான ஒன்று மறைந்துவிடும். காலமும் அப்படித்தான். 99.9% நேரம் இணைப்பு உண்டு என்ற ஒப்பந்தம் மாதத்துக்கு 43 நிமிடத் தடையை அனுமதிக்கிறது. அதையே மூன்று மாதச் சராசரியாக்கினால், ஒரே நாளில் இரண்டு மணி நேரம் இணைப்பு படுத்தாலும் மீறல் இல்லை. எனவே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 விதிகளில் முக்கியமானது, மொபைல் சேவையின் காலாண்டுக் கணக்கை 2025 ஏப்ரல் முதல் மாதக் கணக்காக்கியதுதான்.

நுணுக்கமாக அளந்தால் செலவு கூடுமே என்பார்கள். கோபுரக் கருவிகள் அழைப்புகளின் தொடக்கத்தையும் முறிவையும் ஏற்கெனவே எண்ணிக்கொண்டுதான் இருக்கின்றன, குறைவது வெளியீடுதான். இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம்: சிக்னலே எட்டாத வீட்டிலிருந்து தொடங்காத அழைப்பை எந்தக் கருவியும் எண்ணாது. மேடும் பள்ளமும் ரப்பர்த் தோட்டமுமான இந்தப் பகுதியில் அது சிறு குறை அல்ல. அதனால்தான் வண்டியில் கருவியோடு தெருத்தெருவாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. புயல் வந்தால்? அதே விதிகளின்படி, மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் வாடிக்கையாளருக்கு நிவாரணம் உண்டு, இயற்கைப் பேரிடருக்கு இல்லை. 2017 ஒக்கி போன்ற புயலுக்கு இது நியாயம்தான். ஆனால் மின்சாரம் போனபின் கோபுரத்தின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது நிறுவனத்தின் முடிவு, புயலின் முடிவல்ல. அதைத் தனியே அளக்க வேண்டும்.

சேவைப்பரப்பு வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் டிராயின் அதே விதிகளில் உள்ளதுதான். சிம் வாங்குமுன் அதில் உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள்.