ஆபீஸ் மாறுகிறதா? கம்ப்யூட்டர்களை முதலில் கவனியுங்கள்

மதுரை மேல மாசி வீதியில் வரி ஆலோசகராக இருக்கும் என் மாமா, சென்ற ஆண்டு தன் ஆபீஸை கே.கே. நகருக்கு மாற்றினார். நான்கு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ரவுட்டர். "என்ன மாப்ளே, காலையில் வண்டியில் ஏற்றினால் மதியம் வேலை பார்க்கலாம்" என்றார். நல்ல நாள் என்று அவர் குறித்திருந்தது 16ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாளோ 20. தாமதமானால் ஒவ்வொரு வியாபாரிக்கும் நாளொன்றுக்கு 50 ரூபாய் வரை தாமதக் கட்டணம். சாப்ட்வேர் இன்ஜினீயர் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இடமாற்றத்தில் நம் கையில் இல்லாத வேலையை முதலில் தொடங்க வேண்டும். அது இன்டர்நெட். பழைய இணைப்பை அப்படியே தூக்கிக் கொண்டு போக முடியாது. புதிய கட்டடம் வரை அந்த நிறுவனத்தின் பைபர் கேபிள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் வேறு நிறுவனம் தேட வேண்டும். மூன்று வாரம் முன்பே கேளுங்கள். நான் ஐந்து நாள் முன்புதான் கேட்டேன். அதன் பலனைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து ஒயரிங். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் முன்பே, ஒவ்வொரு மேஜைக்கும் மின்சார பாயின்ட்டும் நெட்வொர்க் கேபிளும் எங்கே வர வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து எலக்ட்ரீசியனிடம் கொடுத்துவிட்டேன். மின்சார ஒயர் போகும் பைப்பிலேயே நெட்வொர்க் கேபிளையும் நுழைக்க விடாதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். லேசர் பிரிண்டருக்குத் தனி பாயின்ட் தேவை. அது சூடாகும்போது மின்சாரத்தை அதிகம் இழுக்கும் என்பதால் சிறிய யு.பி.எஸ்.ஸில் சேர்க்கக் கூடாது.

இனி முக்கியமான விஷயம். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். "தினமும் சாயங்காலம் எடுக்கிறோம் சார்" என்று ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் பென் டிரைவைக் கொடுத்தார். திறந்து பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு பைல். அளவு 2 கே.பி. பல ஆண்டுகளின் கணக்கு 2 கே.பி.யில் எப்படி அடங்கும்? டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டைத்தான் அவர் தினமும் காப்பி செய்திருக்கிறார். ஷார்ட்கட் என்பது உண்மையான போல்டருக்கு வழிகாட்டும் அம்புக்குறி மட்டுமே. ஐகானின் மூலையில் சிறிய அம்பு தெரிந்தால் அது ஷார்ட்கட். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் செய்யும் தவறு இது. அவரைக் குறை சொல்ல முடியாது. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

சனிக்கிழமை இரவு உண்மையான டேட்டா போல்டரை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்தோம். அதோடு விடாமல், என் லேப்டாப்பில் டேலியை நிறுவி, அந்தப் பேக்கப்பைத் திறந்து, அன்று மாலை போட்ட கடைசி பில் வரை இருக்கிறதா என்று பார்த்தோம். அந்த ஹார்ட் டிஸ்க், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன்கள், சாப்ட்வேர் லைசென்ஸ் எண்களும் பாஸ்வேர்டுகளும் எழுதிய நோட்டு ஆகிய மூன்றையும் மாமா தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர்களின் பின்புறத்தை மொபைலில் படம் எடுத்து, ஒயர்களுக்கு எண் ஒட்டினேன்.

திங்கள் காலை மூன்று கம்ப்யூட்டர்கள் இயங்கின. டேட்டா இருந்த நான்காவது இயங்கவில்லை. "டக் டக்" என்று சத்தம். பழைய ஹார்ட் டிஸ்க். வண்டியின் குலுக்கலைத் தாங்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. புதிய எஸ்.எஸ்.டி. வாங்கிப் பொருத்தி, விண்டோஸும் டேலியும் போட்டு, பேக்கப்பை ஏற்றி முடிக்க மாலை ஆகிவிட்டது. முந்தைய பென் டிரைவ் மட்டுமே இருந்திருந்தால்?

பிரிண்டரும் ஒரு மணி நேரம் படுத்தியது. பழைய ரவுட்டரில் அதற்கு 192.168.1.50 என்று நிலையான ஐ.பி. முகவரி கொடுத்திருந்தோம். புதிய ரவுட்டர் தந்ததோ 192.168.0 என்று தொடங்கும் முகவரிகள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் மாற்றுவதற்குப் பதில், ரவுட்டரின் முகவரியை 192.168.1.1 என்று மாற்றினேன். எல்லாவற்றையும் ஒருமுறை ஆப் செய்து ஆன் செய்ததும் பிரிண்ட் வந்தது. வைபை பெயரையும் பாஸ்வேர்டையும் பழையபடியே வைத்ததால் மொபைல்களைத் தொட வேண்டியிருக்கவில்லை.

முகவரி மாறினால் ஜி.எஸ்.டி. பதிவிலும் 15 நாட்களுக்குள் திருத்தம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லும் மாமாவுக்கு நான்தான் நினைவுபடுத்தினேன்!

ரிட்டர்ன்களா? என் மொபைலின் ஹாட்ஸ்பாட்டில் 20ஆம் தேதி இரவு 9 மணிக்குக் கடைசி ரிட்டர்ன் போய்ச் சேர்ந்தது. பைபர் இணைப்பு 24ஆம் தேதி வந்தது.