ரத்தம் பின்னும் வலை

மில்லர்புரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. துறைமுகத்திலிருந்து வாங்கி வந்த சீலா மீனை அரிவாள்மனையில் நறுக்கிக்கொண்டிருக்கிறார் குடும்பத் தலைவி. குழந்தை கூப்பிடத் திரும்பிப் பார்த்த நொடியில் விரல் வெட்டுப்பட்டு விடுகிறது. மாமியார் ஓடி வந்து காபிப் பொடியை அள்ளி அப்பி, அழுத்திப் பிடிக்கிறார். சில நிமிடங்களில் ரத்தம் நின்றுவிடுகிறது. புகழெல்லாம் காபிப் பொடிக்கு!

உண்மையில் காயத்தில் அழுக்கைச் சேர்த்ததுதான் அந்தப் பொடி செய்த வேலை. ரத்தத்தை நிறுத்தியது ரத்தமேதான்; கூடவே மாமியாரின் கட்டை விரல். அடுத்த முறை பொடியை டப்பாவிலேயே விட்டுவிடுங்கள். காயத்தைத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். 'நின்னுடுச்சா?' என்று நிமிடத்துக்கு ஒரு தரம் துணியை எடுத்துப் பார்த்தால், கட்டிக்கொண்டு வந்த அடைப்பு பிய்ந்து போகும்.

அந்தப் பத்து நிமிடத்தில் உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் வெட்டுப்பட்ட ரத்தக் குழாய் தன்னைத்தானே சுருக்கிக்கொள்கிறது. அடுத்து வருபவை தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள். டெங்கு வந்த வீடுகளில் இந்தப் பெயர் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ஆயுள் ஏழிலிருந்து பத்து நாள்தான். குழாயின் உள்சுவர் கிழிந்து அடியிலுள்ள நார்ப்பகுதி வெளியே தெரிந்ததும், இவை ஓடிப் போய் அதில் ஒட்டிக்கொள்கின்றன. பக்கத்தில் போகிற மற்ற தட்டணுக்களையும் 'வாங்க, வாங்க' என்று கூப்பிட்டுக்கொள்கின்றன. ஓட்டை தற்காலிகமாக அடைபடுகிறது.

ஆனால் இது மண்மூட்டை போட்ட அணை மாதிரி, நிற்காது. நிற்க வைக்க வலை வேண்டும். வலைக்கான நூல் ரத்தத்திலேயே கரைந்து கிடக்கிறது. அதன் பெயர் ஃபைப்ரினோஜென். த்ராம்பின் என்ற நொதி அதைத் தொட்டதும் அது ஃபைப்ரின் இழையாக மாறி, வலையாகப் பின்னிக்கொள்கிறது. சிவப்பணுக்கள் அதில் மாட்டிக்கொள்ள, ரத்தம் ஜெல்லி போல் கெட்டியாகிவிடுகிறது. கடைசியாக 13-ஆம் காரணி என்ற பொருள் வந்து இழைக்கு இழை முடிச்சுப் போடுகிறது. முடிச்சு விழாத வலையால் என்ன பயன் என்று நம் மீன்பிடித் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்!

த்ராம்பின் சும்மா வந்துவிடாது. ஒரு காரணி அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப, சரம் பற்றிக்கொண்ட பட்டாசு மாதிரி நடக்கிற வேலை அது. இந்தக் காரணிகளில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பது கல்லீரல். சிலவற்றுக்கு வைட்டமின் 'கே' தேவை. ஈரல் கெட்டுப்போன குடிநோயாளிக்கு ரத்தம் லேசில் நிற்காததற்கு ஒரு காரணம் இதுதான்.

இந்த நூலெல்லாம் தீர்ந்துபோனால் என்னவாகும் என்பதற்கு நம் ஊர்ப் பக்கமே உதாரணம் இருக்கிறது: விரியன் பாம்புக் கடி. கண்ணாடி விரியன், வறண்ட நிலத்துச் சுருட்டை விரியன் இரண்டின் விஷமும் உறைதல் காரணிகளைக் கண்டபடி தூண்டிவிடுகின்றன. உடம்பு முழுக்கத் தேவையில்லாத இடத்திலெல்லாம் வலை பின்னிப் பின்னி, கையிருப்பு காலி. பிறகு ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரும். அதனால்தான் கடிவாயைப் பிளேடால் கீறாதே, இறுக்கிக் கட்டாதே என்று படித்துப் படித்துச் சொல்கிறார்கள். உறையாத ரத்தத்தில் கீறினால் அதை நிறுத்துவது யார்? ஆடாமல் அசையாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே செய்யும் முக்கியமான சோதனைக்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீராக ஓடினால் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்து உடனே ஏற வேண்டும். அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, காயம் ஆறியதும் அந்த வலை என்னவாகிறது? அதைப் பிரிக்கவும் உடம்பில் ஆள் உண்டு. பிளாஸ்மினோஜென் என்ற பொருள் வலை பின்னும்போதே அதற்குள் சிக்கிக்கொண்டு தூங்கிக்கொண்டிருக்கிறது. ரத்தக் குழாயின் உள்சுவர் டி.பி.ஏ. என்ற பொருளைச் சுரந்து அதை மெல்ல எழுப்ப, அது பிளாஸ்மினாக மாறி, இழைகளை ஒவ்வொன்றாக வெட்டிப் போடுகிறது. வெட்டிய துணுக்குகளில் ஒன்றுதான் டி-டைமர். 2020, 2021 கொரோனா நாட்களில் வீட்டுக்கு வீடு பேசப்பட்டதே, அதே டெஸ்ட்தான்.

பின்னுவதும் பிரிப்பதும் சமமாக நடக்கும்வரை கவலையில்லை. கொழுப்புப் படிந்த இதயக் குழாயின் உள்சுவரில் ஒரு கீறல் விழுந்தால், ரத்தத்துக்கு அது விரலில் பட்ட வெட்டு மாதிரியே தெரிகிறது. விசுவாசமாக வந்து அடைக்கிறது. விளைவு, மாரடைப்பு. உடம்பின் பிளாஸ்மின் அதைக் கரைத்து முடிப்பதற்குள் இதயத் தசை செத்துவிடும். 1933-ல் வில்லியம் டில்லெட் என்ற அமெரிக்க மருத்துவர் ஒருவகை பாக்டீரியா ரத்தக் கட்டியைக் கரைப்பதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்ததுதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். தூங்கும் பிளாஸ்மினோஜெனை மொத்தமாக எழுப்பிவிடுவதே அதன் வேலை. 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 நோயாளிகளைச் சேர்த்து அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அதையும் சாதாரண ஆஸ்பிரினையும் சேர்த்துக் கொடுத்ததில் சாவு ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. இன்று அதைவிட நல்ல மருந்துகளும், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஆஞ்சியோபிளாஸ்டியும் உண்டு. ஆனால் எதுவானாலும் முதல் சில மணி நேரத்துக்குள் நடந்தால்தான் முழுப் பலன். 'கேஸ் டிரபிள்தான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்' என்று மார்வலியோடு காத்திருக்கிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் தசை போய்க்கொண்டிருக்கிறது. 108-ஐக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல்கட்ட மாத்திரைகளைக் கொடுத்து அனுப்ப, 2023-ல் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது.

பக்கவாதத்துக்கும் கரைக்கும் ஊசி உண்டு. பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும் ஸ்கேன் எடுத்து, அடைப்புதான், ரத்தக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகே. கசிவு இருப்பவருக்குப் போட்டால் ஆபத்து.

இனி, வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவரின் தட்டணுக்கள் தம் ஆயுள் முழுக்க மந்தமாகவே இருக்கும். அதனால்தான் சவரக் கத்தி பட்டால் ரத்தம் நிற்க நேரமாகிறது. பல் பிடுங்கப் போகிறோமே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அதுவே உயிருக்கு வினையாகும். பல் டாக்டரிடம் சொன்னால் அவரே பார்த்துக்கொள்வார். வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் அசிட்ரோம், வார்ஃபாரின் மாத்திரைகள் வைட்டமின் 'கே'யின் வேலையைத் தடுப்பவை. கீரையில் அந்த வைட்டமின் நிறைய உண்டு. அதற்காகக் கீரையையே விட வேண்டாம். ஒரு வாரம் தினமும் கீரை, மறு வாரம் கண்ணிலேயே காட்டாதது என்று மாற்றி மாற்றிச் செய்வதுதான் தப்பு. அதேபோல மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை இவற்றோடு சேர்க்கவே கூடாது. மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொண்டு, அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.